பசியாறிய உண்ணி

லென்ஸுக்கு அடியில் அது உருண்டையாகக் கிடந்தது. பக்கத்தில் கிடந்ததெல்லாம் தட்டை. புல்வெளியில் வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டு போய் நாங்கள் பிடிக்கும் உண்ணிகள் எல்லாமே பட்டினி கிடப்பவை. மாடோ மனிதனோ வராதா என்று புல் நுனியில் காத்திருந்து, ஏமாந்து துணியில் ஒட்டிக்கொள்பவை. இது ஏமாறவில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து குப்பிக்குள் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. யாரைச் சாப்பிட்டது என்பதுதான் கேள்வி.

காட்டுக்குப் போவது மூன்றே பேர். நான், டிரைவர் அண்ணன், கொசு. கொசு என் சக ஆராய்ச்சியாளன். ஒல்லி உடம்பும் ஓயாத வாயும் வாங்கிக் கொடுத்த பெயர். பாதுகாப்புப் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகுங்கள், திரும்பியதும் ஒருவர் கழுத்தை ஒருவர் பாருங்கள், கடித்தால் உடனே சொல்லுங்கள் என்று தொண்டை வறளக் கத்தியாயிற்று. உண்ணி கடித்து வரும் காய்ச்சலுக்கு உடனே மருந்து தொடங்கினால் பயமில்லை. கடிபட்டதை மறைத்துவிட்டு ஆற அமர ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் கையைப் பிசைவார். போன பருவத்தில் பக்கத்துக் குழுவில் ஒருவர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். ஆனால் கடிபட்டவர் இரண்டு வாரம் காட்டுப் பக்கமே வரக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறதே, அதற்குப் பயந்து எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

முதலில் டிரைவர் அண்ணனைப் பிடித்தேன்.

"என்னையா சந்தேகப்படுறே? நான் வண்டிய விட்டே எறங்கறதில்லையேம்மா. உண்ணி கதவத் தட்டிட்டா உள்ள வரும்?" என்றவர், கேட்காமலே முழங்கால்வரை சுருட்டிக் காட்டினார். சுத்தமாக இருந்தது.

அப்படியானால் கொசுதான். அறைக்குள் உண்ணி பிடிக்கும் துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"சட்டையக் கழட்டு."

"ஐயோ அக்கா!"

"கழட்டுடா!"

முதுகு, அக்குள், காது மடல், தலைமுடி என்று ஒரு மச்சம் விடாமல் பார்த்தேன். ஒன்றுமில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கடா கடிச்சுது? நீ மறைச்சு வச்சு செத்துத் தொலைஞ்சா உன் பொண்டாட்டிக்கு நான்தானே பதில் சொல்லணும்? அறிவிருக்கா?"

அவன் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே, "என்னைக் கடிக்கலக்கா" என்றான்.

"பின்னே?"

"உங்க காதுக்குப் பின்னாடி இருந்துச்சு. திங்கக்கிழமை பாத்தேன். முடி சிக்கிருக்குன்னு சொல்லிட்டு இடுக்கியால எடுத்துட்டேன்."

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டதால் ஓடிப்போய் வண்டியில் ஏறினோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஞாயிறு முழுக்க அது என் காதுக்குப் பின்னால் விருந்து சாப்பிட்டிருக்கிறது.

"ஏன்டா சொல்லல?"

"நீங்க போயிட்டா வேலை நின்னுடும். இந்த வாரத்த விட்டா அடுத்த வருஷந்தான்னு நீங்கதானே எங்க உசிர வாங்குனீங்க?"

"சரி, எடுத்தவன் அந்தச் சனியனத் தூக்கிப் போட்டிருக்கலாமில்ல?"

அப்போதுதான் அவன் முகத்தில் நிஜமான அதிர்ச்சி தெரிந்தது. "அதெப்படிக்கா? நல்ல சாம்பிள்!"

ஓங்கி ஒன்று விடலாம் என்று கை பரபரத்தது. நடுவில் சிரிப்பு வேறு வந்து தொலைத்தது. காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன். சின்னதாய் ஒரு தடிப்பு, தொட்டால் வலித்தது. காலையிலிருந்து தலை இடித்துக்கொண்டிருந்தது. இவர்கள்மேல் வந்த கோபம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

முதலுதவிப் பெட்டியைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தேன். அது சத்தம் கொடுக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அவனைத் திட்ட வேண்டியதெல்லாம் உதட்டுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. கொசு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாய்கூட மூடியிருந்தது. வெளியே டிரைவர் அண்ணன், காட்டுக்குக் கிளம்பலாம் வாங்க என்று ஹாரன் அடித்தார். நாங்கள் அசையவில்லை. இன்னொரு முறை, நீளமாக அடித்தார்.