பதினொரு நடைமேடைகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. அங்கே ஒரே நடைமேடை, ஒரு நாளைக்கு நான்கு வண்டி. மைக்கில் வண்டி நேரத்தைச் சொல்லிவிட்டு, "குடைய பெஞ்சுலயே விட்டுட்டுப் போறீங்களே சித்தப்பா" என்றும் சேர்த்துச் சொல்வேன். யாராவது மூச்சிரைக்க ஓடி வந்தால், "ஓடாதீங்க, வண்டி நிக்கும்" என்பேன். கார்டும் சிரித்துக்கொண்டே, தூக்கிய பச்சைக் கொடியை இறக்கி வண்டியை நிறுத்திவைப்பார்.

அப்புறம் நாட்டின் மறுகோடியில் இருக்கும் இந்தப் பெரிய நிலையத்தில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள். சரிப்பட்டால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. பழைய வேலையில் அதற்குள் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் என்னை நம்பித் தையல் கடையை மூடிவிட்டு வந்தார். மகளைப் பள்ளியிலிருந்து பாதியில் பிடுங்கிக்கொண்டு வந்தோம். "மூணே மாசம், மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துடுவீங்க பாருங்க அண்ணி" என்று நாத்தனார் வழியனுப்பினாள். அவள் வாய் என் வாய்க்கு அக்கா.

அறிவிப்பு அறை மாடியில் இருந்தது. கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தால் மொத்த மண்டபமும் பதினொரு நடைமேடைகளும் தெரியும். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு அங்கே போய் நின்றவள் அசையவே இல்லை. எங்கள் ஊர் ஜனம் மொத்தமும் ஒரு நிமிடத்தில் கீழே கடந்து போனது. அடுத்த நிமிடம் இன்னொரு ஊர் ஜனம். எல்லோரும் ஓடினார்கள், ஒருவர்கூட இன்னொருவர்மேல் இடிக்கவில்லை. இவ்வளவு பேரும் எங்கிருந்து வந்தார்கள், இவர்களுக்கெல்லாம் யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு மலைப்பாக இருந்தது.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்ததைவிடச் சுவர்க் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தார். அன்றே அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர் வைத்துவிட்டேன், மனசுக்குள்தான். அவர் ஓர் அட்டையை நீட்டினார். வண்டி எண், போகும் இடம், நேரம், நடைமேடை, அவ்வளவுதான் அதில்.

"இதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்மா. கதை பேசினா மூணு மாசமெல்லாம் இல்ல, அன்னிக்கே கிளம்ப வேண்டியதுதான்."

ஒன்பது வாரம் வாயைக் கட்டினேன். மிச்சம் வைத்த பேச்சையெல்லாம் வீட்டில் கொட்டினேன். "மைக்குக்குச் சேர வேண்டியதையும் என் தலையிலயே கட்டறியா?" என்பார் வீட்டுக்காரர். அவருக்கும் ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை அமைந்திருந்தது. மகள் புதுத் தோழிகளின் பேரைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை, மாலை ஆறு பத்து. மூன்றாம் நடைமேடை வண்டியை அறிவித்து முடித்தேன். மைக் பொத்தானிலிருந்து விரலை இன்னும் எடுக்கவில்லை. கீழே ஒரு பெண் இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாக ஏழாம் நடைமேடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே கார்டு கொடியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"ஓடாதீங்கம்மா, வண்டி நிக்கும்."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

முதலில் ஒரு சத்தம் நின்றது. இத்தனை நாளும் அதைக் கட்டடத்தின் இரைச்சல் என்றே நினைத்திருந்தேன். அது ஆயிரக்கணக்கான கால்கள் ஓடுகிற சத்தம். அத்தனை முகமும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தது. ஒவ்வொருவரும் தனக்குத்தான் சொன்னதாக நினைத்திருக்க வேண்டும். பிறகு எல்லோரும் நடக்க ஆரம்பித்தார்கள். ஏழாவது வண்டி நின்றது. ஒன்றாவதும் நின்றது. நான்காவதும், ஒன்பதாவதும். பதினொரு கார்டுகளும் கொடியை இறக்கிவிட்டு நின்றார்கள்.

வேலை போச்சு, மகள் படிப்பு போச்சு, வீட்டுக்காரரிடம் எந்த முகத்தோடு சொல்வேன் என்று பதறிப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். சொன்னால் வெட்கக்கேடு, அதே நேரத்தில் உடம்பெல்லாம் புல்லரித்தது.

கடிகாரம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். திட்டத் திறந்த வாய் திறந்தபடியே நிற்க, கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷம்" என்றார் மெதுவாக. "இந்த நேரத்துல இங்க யாரும் நடந்து நான் பார்த்ததில்ல."

"வாய் தவறிடுச்சு சார்."

"எந்த வண்டின்னு சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"அதான் எல்லாம் நிக்குது. நிறுத்தினவங்களே அனுப்புங்க. ஒண்ணொண்ணா."

பொத்தானை மறுபடி அழுத்தி, ஒன்றாம் வண்டி புறப்படுகிறது என்றேன். கொடி உயர்ந்தது, அவ்வளவு நீள வண்டி நகர்ந்தது. இரண்டு, மூன்று என்று சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் போயின. ஏழுக்கு வந்ததும் நிறுத்தினேன். யாரோ எடுத்துக் கொடுத்த செருப்பைக் கையில் பிடித்தபடி அந்தப் பெண் ஏறினாள். பிறகுதான் சொன்னேன்.

பதினொன்றும் போன பிறகு திரும்பி, "நாளைக்கு வர வேண்டாமா சார்?" என்று கேட்டேன்.

அவர் தாமதப் பதிவேட்டில் மூன்று நிமிடம் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னா நம்புறாங்க. உங்கள அனுப்பிட்டு இத்தனை பேருக்கு நான் என்ன பதில் சொல்றது? ஆறு இருபது வண்டிக்கு நேரமாச்சு, சொல்லுங்க."

அட்டையில் உள்ளதை மட்டும்தான் சொன்னேன். ஆனால் அழுகையை அடக்க முடியவில்லை. நான் மூக்கை உறிஞ்சியது பதினொரு நடைமேடையிலும் கேட்டிருக்கும்.