எருவேராவின் கம்ப்யூட்டர்

கிஸ்போர்ன் கடலோரக் கிளினிக்குகளுக்கான தரவுத்தளத்தை அமைத்தவன் என் தம்பி எருவேரா. அவனை அடக்கம் செய்த சில வாரங்களில் அது தவழத் தொடங்கியது. நோயாளியின் பெயரைத் தட்டிவிட்டு நர்சுகள் டீ குடிக்கப் போனார்கள்.

மேலாளர் டங்கன் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் எங்களைக் கூட்டினார். "இதைத் தூக்கிப் போட்டுட்டு வெளியில புதுசா வாங்கிடலாம். செத்தவனைக் குறை சொல்லக் கூடாது, ஆனா அவசரத்துல கட்டின வேலை. ஹுஹானா, நீ என்ன சொல்றே?"

அக்கா என்பதால் பரிந்து பேசுகிறேன் என்று நினைப்பார்களே என்று கூச்சம். "அவன் எப்பவுமே அவசரக்காரன்தான்," என்றேன். சொன்னதும் காது சுட்டது.

பெரியப்பா மகன் ஹோரோமோனா மட்டும் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"அக்கா, சும்மா இரு. சர்வருக்கு வேலையே இல்ல. டிஸ்க்கும் தூங்குது, நம்ம டங்கன் மாதிரி."

"கேட்டுட்டுதான்யா இருக்கேன்," என்றார் டங்கன்.

"யார் உள்ளே வந்தாலும் டேட்டாபேஸ் தன் பதிவேட்டுல ஒரு வரி எழுதுது. அதோட நகல் இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போகணும். அங்கே வாங்கிக்க ஆளில்ல. போகாத வரியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து இப்ப வழி அடைச்சிருச்சு. ஒவ்வொரு வரிக்கும் டேட்டாபேஸ் காத்துக்கிட்டு நிக்குது."

"எந்தக் கம்ப்யூட்டர்?"

ஹோரோமோனா பெயரைப் படித்துவிட்டுத் தயங்கினான். "எருவோடது."

கிளினிக்குகளில் எது பிசகினாலும் நர்ஸ் கூப்பிடும் முன்பே தனக்குத் தெரிய வேண்டும் என்று அவன் செய்துவைத்த ஏற்பாடு.

இறந்தவர் புழங்கியதை இன்னொருவர் பயன்படுத்துவது எங்கள் பழங்குடி வழக்கத்தில் ஆகாது. எங்கள் குலப் பெரியவர் கரகியா என்னும் மந்திரம் ஓதி, அவன் அலுவலக அறையில் தண்ணீர் தெளித்த அன்றே அவன் சட்டை, கோப்பை, மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் குடும்பத்தார் நாங்கள் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம். டங்கன்கூடத் தலை குனிந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது என் முன்னறையில், அவன் படத்துக்குக் கீழே, போர்வை போர்த்திக் கிடக்கிறது.

"நகலை அங்கே அனுப்பச் சொல்ற ஒரு கட்டளையை எடுத்தாப் போதும். எடுக்கட்டுமா அக்கா?"

தலையசைத்தேன். சற்று நேரத்தில் ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். "என்னப்பா பண்ணீங்க? பறக்குது!"

டங்கன் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "அவசரம்னு முதல்ல சொன்னது நான்தான்."

"நானும் சொன்னேன்."



அன்று வீட்டுக்குப் போனபோது, அவன் படத்துக்கு நேரே திறக்கும் முன்கதவைத் திறக்கக் கை வரவில்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பின்கதவு வழியாக நுழைந்தேன்.