நாலாவது தோள்

அப்பாவின் சட்டையை முதுகுப்பக்கம் வெட்டித்தான் கழற்ற வேண்டியிருந்தது. கைகள் மடங்க வேண்டிய இடத்தில் மடங்காமல், கூடாத இடத்தில் மடங்கின. தையல்காரியான மகள், தானே போட்ட தையலைத் தன் பெரிய கத்தரிக்கோலால் பிரித்தாள். மாவும் ரத்தமும் குழைந்து காய்ந்த முதுகில் செருப்புத் தடங்கள். ஊரே ஒருமுறை ஏறி இறங்கியிருந்தது. இப்போது அதே ஊர், அதே செருப்பை வாசலில் மரியாதையாகக் கழற்றிவிட்டுத் துக்கம் கேட்க வந்திருந்தது.

வெளிநாட்டு நிவாரண மாவு லாரி வரும்போது வரிசை பிடிப்பது அப்பாவின் வேலை. கையில் ஒரு கம்பு. கூலிக்காரனுக்கும் வக்கீலுக்கும் ஒரே அடி. ஊரில் சமத்துவம் நிலவிய ஒரே இடம் அதுதான். மூன்று லாரி வந்த காலத்தில் அடியை வாங்கிக்கொண்டு சிரித்தார்கள். இன்று காலை ஒன்றுதான் வந்தது. அப்பா கம்பை ஓங்கினார். இறக்க நேரம் கிடைக்கவில்லை.

விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மூலையில் நின்றான். லாரிகளை அனுப்பும் அந்தப் பணக்கார நாட்டில்தான் அவனுக்கு வேலை, குடியுரிமை, வாக்கு எல்லாம். இந்த மாதிரி உதவிக்காக வரியை ஏற்றலாமா என்று போன வருடம் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. 'வேண்டாம்' அமோகமாக ஜெயித்தது. மூன்று லாரி ஒன்றானது அதற்குப் பிறகுதான்.

மீதி மூட்டைகளை மதியம் கொடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் துக்கம் மளமளவென்று மெலிந்தது. சவப்பெட்டியைத் தூக்க நாலு பேர் வேண்டும். மிஞ்சியவர்கள் கசாப்புக்கடைக்காரரும் முடிவெட்டுகிறவரும். இருவருக்கும் முழங்கால்வரை மாவு.

"தூக்கிரலாம் தம்பி. நேரமாகுது" என்றார் கசாப்புக்கடைக்காரர், ஜன்னலைப் பார்த்தபடி.

"இருங்க" என்றாள் அவள். "அண்ணா, அந்த வோட்டுல நீ என்ன போட்ட?"

"இதைக் கேக்கற நேரமா இது?"

"அப்பா மட்டும் நேரம் பாத்தா செத்தாரு?"

"வேண்டாம்னுதான் போட்டேன். என் பொண்ணு ஆபரேஷனுக்கு ஒரு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கா. ஆஸ்பத்திரியில டாக்டர் இல்ல. சம்பளத்துல பாதி வரி. இன்னும் ஏத்தி அனுப்பினா, இங்க பாதி மந்திரி வீட்டுக்குப் போகுது."

"பாதி போச்சு, சரி. மீதி வந்துச்சுல்ல தம்பி?" என்றார் கசாப்புக்கடைக்காரர்.

"வீட்டுக்கு நான் காசு அனுப்பாமலா இருந்தேன்?"

"கடையில மாவே இல்ல. காசைக் கரைச்சுக் குடிக்கச் சொல்றியா?" என்றார் முடிவெட்டுகிறவர்.

"அப்பா மேல ஏறினது என் வோட்டா, உங்க காலா?"

கசாப்புக்கடைக்காரரின் கை எலும்பு உடைத்துப் பழகிய கை. அண்ணனின் உதடு கிழிந்து, ஒரு பல் தரையில் துள்ளியது. அவன் நாற்காலியைத் தூக்கி அவர் மண்டையில் இறக்கினான். முடிவெட்டுகிறவர் விலக்குவதற்காக என்று சொல்லி அண்ணனின் கழுத்தை நெரித்தார். மூவரும் பெட்டிமேல் சாய, அது பலகையிலிருந்து வழுக்கி, அப்பாவின் தலை உள்ளே 'டொக்' என்று இடித்தது.

"ஐயோ, பாத்து!" என்றார்கள் மூவரும், அவருக்கு வலித்துவிட்டதுபோல.

அவள் எழுந்தாள். அண்ணனின் காதோடு சேர்த்து ஒன்று. கசாப்புக்கடைக்காரருக்கு ஒன்று. முடிவெட்டுகிறவர் தானாகவே கன்னத்தைக் காட்டினார்.

"மிதிச்சவங்க ரெண்டு பேரு. வேண்டாம்னு போட்டவன் ஒருத்தன். வேற ஆளுக்கு நான் எங்க போவேன்? தூக்குங்க."

நாலாவது மூலையில் அவளே தோளைக் கொடுத்தாள்.

தெருவை அடைத்துக்கொண்டு மாவு வரிசை நின்றது. அதைத் தாண்டினால்தான் இடுகாடு. யாரும் விலகவில்லை, விலகினால் இடம் போய்விடும்.

"கொஞ்சம் வழி விடுங்க, சாவு" என்றார் முடிவெட்டுகிறவர்.

"எல்லா வீட்டுலயும்தான். பின்னால போய் நில்லுங்க" என்றது வரிசையில் ஒரு குரல்.

அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது. வரிசை ஓரடி நகர்ந்தது. கசாப்புக்கடைக்காரரின் கால் தன்னையறியாமல் ஓரடி எடுத்துவைத்தது; பெட்டியும் கூடவே போனது.

அண்ணன் பெட்டியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்தபடி நின்றான்.