வெங்காயம் நறுக்கிய விரல்

செனகலிலிருந்து கடல் தாண்டி வந்து, அல்மேரியாவின் பிளாஸ்டிக் கூடாரங்களில் ஐந்து வருஷமாகக் குடமிளகாய் பறித்தவள் கும்பா ந்ஜாய். சம்பளச் சீட்டில் மட்டும் அவள் சோக்னா ஜோப். சோக்னாவிடம் அனுமதி அட்டை இருந்தது, அதைக் காட்டித்தான் வேலை கிடைத்தது. நிஜ சோக்னா கடைத்தெருவில் தலை பின்னிப் பிழைத்தாள்.

செனகலில் ஜோப் குடும்பத்து ஆளும் ந்ஜாய் குடும்பத்து ஆளும் சந்தித்தால் கேலி பேசியே தீரவேண்டும்; அது வழக்கம்.

"சோத்துக்கு அலையற ந்ஜாய்க்கு என் பேரு ஓசியில கெடச்சிருச்சு பாரு!" என்பாள் சோக்னா.

"நீ வச்சிருந்தா துருப்பிடிச்சிருக்கும்டி ஜோப். நான்தான் வேலைக்குப் போட்டுத் தேச்சுக் குடுக்கறேன்."

இப்போது அரசாங்கம் அறிவித்திருந்தது: அனுமதிக் காகிதம் இல்லாதவர்கள் அட்டைக்கு எழுதிப் போடலாம். போன வருஷமே இந்த நாட்டில் இருந்ததற்குச் சொந்தப் பெயரில் ஒரு அத்தாட்சி வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

கும்பாவிடம் துண்டுச் சீட்டுகூட இல்லை. போலீஸ் கண்ணில் படக்கூடாதென்று பஸ் டிக்கெட்டைக்கூட இறங்கியதும் கிழித்துப் போட்டவள் அவள்.

"சம்பளச் சீட்டக் காட்டாதீங்க, சோக்னாவும் மாட்டிக்குவாங்க," என்றாள் தொழிலாளர் சங்கத்து வக்கீலம்மா. "உங்க முதலாளி ஒரு கடுதாசி குடுத்தாப் போதும்."

முதலாளி ரமிரோ கூடார வாசலில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"கும்பாவா? அப்படி யாரும் எங்கிட்ட வேலை பாக்கலையே."

"அஞ்சு வருஷமா என் மூஞ்சி தெரியாதா முதலாளி?"

"மூஞ்சி தெரியுது. பேரு சோக்னா. போயி வேலையப் பாரு."

கும்பா கையுறையை உருவினாள். இடது ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. போன வருஷ மாரியில் பெட்டி ஏற்றும் சங்கிலி தின்றது. அன்று ரமிரோவே காரில் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக்கு ஒரு தெரு தள்ளி இறக்கிவிட்டான். சோக்னா ஜோப்புக்கு அடிபட்டால் பண்ணைக்குக் கேள்வி வரும். கும்பாவுக்கு அடிபட்டால் யார் கேட்பது?

"அன்னிக்குக் கார்ல என்ன சொன்னீங்க? உன் நெசப் பேரச் சொல்லு, வீட்ல வெங்காயம் நறுக்கினேன்னு சொல்லுன்னு சொன்னீங்களே. வெரல் போறப்ப நான் கும்பா, மொளகா பறிக்கறப்ப சோக்னாவா?"

ரமிரோ விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினான்.

ஆனால் சொல்லி முடித்ததுமே கும்பாவுக்கு உறைத்தது. நிஜப் பெயரை அன்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டார்களே! கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரி ஜன்னலில் இருந்த பெண் ஐந்தே நிமிஷத்தில் தாளை நீட்டினாள். வந்தவர்: கும்பா ந்ஜாய். தேதியும் இருந்தது. சாயங்காலம் சோக்னா அதை வாய்விட்டுப் படித்தாள்.

"வீட்டில் வெங்காயம் நறுக்கும்போது... பாத்தியாடி! சோத்து அவசரத்துல வெரல அறுத்துக்கிட்ட ந்ஜாய்னு அரசாங்கமே எழுதிருச்சு!"

கும்பா தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். சோக்னாவின் சிரிப்பும் பாதியில் நின்றது.

வெள்ளிக்கிழமை வக்கீலம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போதும். போன வருஷம் இங்க இருந்தீங்கன்னு ஆயிருச்சு."

"இருந்தேன்னு ஆச்சு. ஒழைச்சேன்னு எப்ப ஆகும்? அஞ்சு வருஷம் குனிஞ்ச முதுகு அத்தாட்சி இல்ல. அவன் சொல்லிக்குடுத்த பொய்தான் அத்தாட்சியா?"

வக்கீலம்மா பேனாவை நீட்டினாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு கும்பா தன் பெயரை எழுதினாள். தாள் நகராமல் அந்தக் குட்டை விரலால் அழுத்திக்கொண்டாள்.

"அட்டை வந்த மறுநாளே இங்க வருவேம்மா," என்றாள். "வெங்காயம் யார் வீட்ல நறுக்கினேன்னு அன்னிக்குப் புகார்ல எழுதிக்கங்க."