ஆற்றுத்துறையில் எத்தனை பேர்

“‘சொல்லப்படுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னவர் யார்?” என்று தட்டச்சு செய்துவிட்டு, போரிவோயே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாவட்ட நீதிமன்றத்தில் தலை நரைக்கும்வரை நீதிபதியாக உட்கார்ந்து எழுந்தவர் அவர். ஆள் இல்லாமல் வெறும் பேச்சாக வந்து நிற்கும் சாட்சியைக் கண்டால் அவருக்கு இன்றும் காது சிவந்துவிடும். அந்தக் கட்டுரையில் அவ்வாறு ஆளில்லாமல் அலைந்த வாக்கியங்கள் ஏராளமாக இருந்தன. ‘நம்பப்படுகிறது.’ ‘கருதப்படுகிறது.’ யாரால்? எப்போது? எங்கே? ஒவ்வொன்றின் கீழும் அவர் கேள்வியை நட்டுக்கொண்டே போனார்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் அவருக்குப் பெயர் ‘காகம்’. பிறர் எழுதிய வரலாற்றுக் கட்டுரைகளை வரிவரியாகப் படித்து, ஆதாரமில்லாத இடங்களைச் சுட்டிக்காட்டி, திருந்தி வந்தவற்றுக்கு ‘நல்ல கட்டுரை’ என்னும் முத்திரையை வழங்குவதே ஓய்வுக்குப் பிறகு அவருடைய காலை வேலை. அங்கே யாருடைய முகமும் யாருக்கும் தெரியாது. அந்த இடத்தின் நாகரிகமே அதுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

இந்தக் கட்டுரையில் அந்த நாகரிகம் சற்றே கோணிவிட்டது. 1809-இல், அவருடைய ஊரை அடுத்த வெர்பித்சா ஆற்றுத்துறையில் துருக்கியப் படையின் ஒரு பிரிவை ஊர்க்காரர்கள் அந்திவரை மறித்து நின்ற சிறிய சண்டையைப் பற்றியது அது. எழுதியவரின் பெயர் ‘கடைவாய்ப்பல்’. அப்படியொரு பெயரைச் சூட்டிக்கொள்ளக்கூடியவர் அந்த ஊரில் ஒருவர்தான்: பல் மருத்துவர் ராதிசாவ். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நண்பர். தெரிந்தவருடைய கட்டுரையை மதிப்பாய்வு செய்யலாகாது என்பது விதி. நீதிமன்றமாக இருந்திருந்தால் போரிவோயே முதல் நாளே விலகியிருப்பார். ஆனால், அவ்வளவு சிறிய சண்டையை எடுத்துப் படிக்க ஒருவரும் வராமல் கட்டுரை கோடை முழுவதும் வரிசையில் கிடந்தது. காபிக்கடையில் ராதிசாவ் விட்ட பெருமூச்சைக் கேட்கப் பொறுக்காமல்தான் காகம் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. உதவியாகத் தொடங்கியது, மூன்றாம் பத்தியைத் தாண்டுவதற்குள் விசாரணையாகிவிட்டது.

“அந்தக் காகத்துக்குப் பொண்டாட்டி கிடையாதுடா,” என்றார் ராதிசாவ், மறுநாள் காபிக்கடையில். “இருந்தா ஒரு வார்த்தையப் புடிச்சுத் தொங்க இவ்வளவு நேரம் எங்கேர்ந்து வரும்?”

“இருப்பாளா இருக்கும். அவ தொல்ல தாங்காமதான் அங்க வந்து உக்காந்திருக்கானோ என்னவோ.”

“நீயும் அவன் கட்சியா, ஜட்ஜையா?”

“ஆதாரம்தானே கேக்கறான்? குடுத்துட்டுப் போயேன்.”

“எங்க கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா, பெத்ரோனியே, கொடியப் புடிச்சுக்கிட்டு நாப்பது பேரோட இடுப்பளவு தண்ணியில நின்னாரு. எங்கப்பா சொன்னாரு. அவருக்கு அவங்கப்பா சொன்னாரு. இதுக்கு மேல என்னடா ஆதாரம்? பல்லப் புடுங்கப் போறப்ப, ‘இது பல்லுதானா, சான்றிதழ் காட்டு’ன்னு எவனாவது கேப்பானா?” காபிக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு ராதிசாவ் குரலைத் தாழ்த்தினார். “எங்க குலப்புனிதர் மிதாரோட நாளுக்குள்ள அந்த முத்திரை மட்டும் வந்துரட்டும். விருந்துல எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டுவேன். எங்கப்பாவ இந்த ஊரே புளுகன்னு சொல்லுச்சு. தெரியும்ல உனக்கு?”

போரிவோயேவுக்குத் தெரியும். ஊரோடு சேர்ந்து அவரும் சிரித்திருக்கிறார்.

அன்று பிற்பகல் படைபலம் பற்றிய பத்தியை எடுத்தார். சாட்சியின் வாய் தடுமாறும் இடத்தை மோப்பம் பிடித்த பழைய சுறுசுறுப்பு விரல்களில் ஏறியது. “கட்டுரையில் நாற்பது பேர் என்கிறீர்கள். முன்பெல்லாம் அறுபது என்றுதானே சொல்லிவந்தீர்கள்? இருபது பேர் எங்கே போனார்கள்?” என்று எழுதி அனுப்பினார்.

அனுப்பிய பிறகுதான் செய்த பிழை தெரிந்தது. அறுபது என்னும் எண் கட்டுரையில் இல்லை. அதன் பழைய வடிவங்களிலும் இல்லை. அது இருந்த இடம் ஒன்றுதான்: மூன்றாவது கோப்பைப் பிளம் சாராயத்துக்குப் பிறகு ராதிசாவின் அப்பா மேசையைத் தட்டிச் சொன்ன கதை. அந்த மேசையில் உட்கார்ந்து உண்டவனைத் தவிர வேறெவனுக்கும் அது தெரிய வழியில்லை. அழித்துவிடலாம். ஆனால், அழித்தது இன்னது என்பதையும் அந்தக் கலைக்களஞ்சியம் எல்லாரும் காணும்படி வைத்திருக்கும். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவிட்டுக் குற்றவாளிகளைப் பிடித்தவர், தாமே அந்த ஒரு வார்த்தையைப் பேசிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

கடைவாய்ப்பல்லிடமிருந்து பதில் வரவில்லை. காபிக்கடையில் எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது. வாரக்கடைசியில் மனைவி கொசாராவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கோசு இலைக்குள் இறைச்சிப் பூரணத்தை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒத்தாச பண்ணணும்னுதான் போனீங்க. போன எடத்துல ஜட்ஜாயிட்டீங்க,” என்றாள்.

“ஆதாரமில்லாம ஒரு விஷயத்த எப்படி…”

“நான் உங்களக் கட்டிக்கிட்டதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?”

“சான்றிதழ் இருக்கு.”

“எங்க இருக்கு, எடுங்க பாப்போம்.”

அவர் எழுந்து இரண்டு இழுப்பறைகளைத் திறந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார்.

குலப்புனிதர் நாள் விருந்துக்கு அந்த ஊரில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஒருமுறை வந்தவர் ஆண்டுதோறும் வருவார். வராவிட்டால் உறவு முறிந்தது என்று பொருள். ராதிசாவ் வீட்டு மிதார் நாளை அவர் ஓர் ஆண்டுகூடத் தவறவிட்டதில்லை. அழைப்பு என்ற ஒன்று இருந்திருந்தால், வந்ததா வரவில்லையா என்று பார்த்துத் தீர்ப்புக்கு வந்திருக்கலாம். அந்த வழக்கம் எத்தனை இரக்கமற்றது என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. தாமாகவே போய்க் கதவைத் தட்ட வேண்டும். அந்த வாசலில் நிற்கும்போதுதான் எதுவும் தெரியும்.

கதவைத் திறந்தவள் ராதிசாவின் மனைவி ஸ்தாமேனா. வழக்கம்போல அவள் கையில் தட்டு இருந்தது: வேகவைத்து இனிப்புச் சேர்த்த கோதுமை, சுத்தமான கரண்டிகள், பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர். போரிவோயே சிலுவைக்குறி இட்டு, ஒரு கரண்டி கோதுமையை உண்டு, எச்சில் கரண்டியைத் தண்ணீருக்குள் போட்டார். கொசாராவும் போட்டாள். “உள்ள வாங்கண்ணே,” என்றாள் ஸ்தாமேனா. அவள் முகத்தைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியவில்லை.

விருந்து கொடுக்கும் வீட்டுக்காரர் அன்று உட்காரக் கூடாது என்பது வழக்கம். ராதிசாவ் மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொருவருக்கும் சாராயம் ஊற்றினார். போரிவோயேவிடம் கடைசியாக வந்தார்.

“காகம் குடிக்குமா?” என்றார் மெல்ல.

“ஊத்தினா குடிக்கும்.”

ராதிசாவ் விளிம்புவரை ஊற்றினார். பிறகு, எரிந்துகொண்டிருந்த உயரமான மெழுகுவத்திக்கு அருகில் போய் நின்று, ஆண்டுதோறும் சொல்லும் கதையைத் தொடங்கினார். “பெத்ரோனியே கொடியோட தண்ணிக்குள்ள எறங்கினாரு. அவரு கூட…”

நிறுத்திவிட்டார்.

“நாப்பது பேரு!” என்று எடுத்துக்கொடுத்தது ஒரு குரல்.

“உங்கப்பன் அறுபதும்பான்டா! குடிச்சா எண்பதும்பான்!” என்றது கோடியிலிருந்து ஒரு கிழக்குரல். எல்லாரும் சிரித்தார்கள். போரிவோயே சிரிக்கவில்லை.

“ஜட்ஜையா,” என்றார் ராதிசாவ், “இன்னிக்கு என் வீட்டுக்கு எத்தன பேரு வந்திருக்காங்க?”

“எண்ணலையே.”

“நானும் எண்ணல. யாரையும் கூப்பிடல, வந்தவங்க பேர எழுதியும் வைக்கல. நாளைக்கு ஒரு காகம் வந்து கேட்டா, நான் எதக் காட்டட்டும்?”

கோபமா, கேலியா, உண்மையான கேள்வியா என்பது தெரியவில்லை. ராதிசாவ் மெழுகுவத்தியின் பக்கம் திரும்பினார். “அவரு கூட ஊர்க்காரங்க நின்னாங்க,” என்றார். “எத்தன பேருன்னு தெரியாது. இருட்டுற வரைக்கும் நின்னாங்க.”

போரிவோயேவின் பார்வை வாசலோரத்துச் சிறு மேசைக்குப் போயிற்று. குவளைக்குள் கரண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கினார். தண்ணீர் ஒன்றை இரண்டாகக் காட்டியது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். அதற்குள் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. குளிர்காற்றோடு யாரோ உள்ளே வந்தார்கள். இன்னொரு கரண்டி குவளைக்குள் இறங்கியது. விளிம்பைத் தாண்டிய தண்ணீர் வெள்ளை விரிப்பின்மேல் மெதுவாகப் பரவியது.