கடைசிக் கொட்டடிக்கு ஒரு கண்ணாடி

மேனேஜரின் கார் கறுப்பா, கருநீலமா என்பது இப்போது சரியாக நினைவில்லை. லாயத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நடந்தது திங்கட்கிழமை என்பதும் ஓர் ஊகம்தான். ஆனால் அந்தக் காரின் ஜன்னல்களில் இருட்டுக் கண்ணாடி போட்டிருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அன்று பகலில் குதிரைக்காரன் நெட்டையன் புல்கட்டோடு கடைசிக் கொட்டடியின் முன்னால் நின்றான். பாதிக் கதவுக்கு மேலே சாம்பல் குதிரையின் தலை இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது. கழுத்தோடு உடம்பும் ஆட, எடை ஒரு முன்காலிலிருந்து மறு முன்காலுக்கு மாறிக்கொண்டே இருந்தது. இரண்டு மாதமாக இப்படித்தான். கதவுக்குப் பின்னால் தரையில் இரண்டு குழிகள் விழுந்திருந்தன. தலை வெளியே வந்து ஆடாதபடி மேனேஜர் குறுக்குக் கம்பி போட்டுப் பார்த்தார். அது கம்பிக்குப் பின்னால் நின்று ஆடியது.

"என்ன மச்சான், உன் குதிரைக்கு ஊஞ்சல் கட்டிக் குடுத்துட்டியா?" என்று லாடம் அடிப்பவர் கேட்டார். அவர் பக்கத்துக் கொட்டடிக் குதிரையின் குளம்பை மடியில் வைத்து ராவிக்கொண்டிருந்தார்.

நெட்டையன் சிரிக்கவில்லை. சனிக்கிழமை லாயத்து முதலாளியம்மா வருகிறார். அதற்குள் ஆட்டம் நிற்காவிட்டால் குதிரையை விற்றுவிடப் போவதாக மேனேஜர் காலையில்தான் சொல்லியிருந்தார். அவர் அதோடு விடவில்லை. "அது போயிட்டா உன் கையில ரெண்டுதாம்ப்பா இருக்கும். ரெண்டு குதிரைக்கு எதுக்குத் தனியா ஒரு ஆளு, ஒரு ரூமு?"

சாம்பல் முன்பு நடுவரிசையில் இருந்தது. பக்கத்தில் ஒரு கிழட்டுச் செம்பழுப்புக் குதிரை. கம்பித் தடுப்பு வழியாக இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து நிற்கும். செம்பழுப்பு செத்த பிறகு இது லேசாக ஆடத் தொடங்கியது. பார்த்துப் பார்த்து எங்கள் குதிரைகளுக்கும் தொற்றிக்கொள்ளும் என்று அங்கே குதிரைகளை விட்டிருந்த வெளியாட்கள் சத்தம் போட்டார்கள். அதனால் கோடியில் கொண்டுபோய் அடைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் வேறொரு குதிரையின் வால்கூடத் தெரியாது. எதிரே எட்டடி தள்ளி மதில்சுவர். இடையில் இருந்த நிழலில் மேனேஜர் காரை நிறுத்துவார்.

அன்று சாயங்காலம் அறையில் நெட்டையன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு கட்டில், ஓர் அடுப்பு, சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. அவ்வளவுதான் அறை. கண்ணாடி அவன் மனைவிக்கு அவளுடைய அக்கா கொடுத்தது. அதன் சட்டத்தில் கொண்டை ஊசிகளை வரிசையாகச் செருகி வைத்திருப்பாள். குதிரைகளின் மேல் போர்த்தும் கம்பளிகளைத் துவைப்பது அவள் வேலை. விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியே இருக்கும்.

அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நான் ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது" என்றாள்.

"சிரிக்கிற நெலமையிலயா இருக்கேன்?"

"காலையில எட்டு மணியிலேருந்து பத்து மணி வரைக்கும் அது ஆடறதில்ல."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அந்த நேரத்துல நீங்க மத்த ரெண்டையும் ஓட்டிக்கிட்டுப் போயிடறீங்க. நான் துவைக்கிற தொட்டிகிட்ட நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். மேனேஜர் கார் வந்து நிக்குது. இது கார் கண்ணாடியவே பாத்துக்கிட்டு நிக்குது. பத்து மணிக்குக் கார் போகுது. ஆட ஆரம்பிச்சிடுது."

நெட்டையன் அவளைப் பார்த்தான்.

"கார் கண்ணாடியில என்ன தெரியும்?"

"ஒரு குதிரை தெரியுமில்ல?" என்றாள். "திமிருன்னு நெனச்சோம். அதுக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லங்க."

பிறகு அவள் எழுந்து, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி ஒரு டப்பாவில் போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் மதில்சுவரில் நான்கு ஆணி அடித்து, குதிரையின் கண் மட்டத்துக்குக் கண்ணாடியை மாட்டினான். கழுத்தை எவ்வளவு நீட்டினாலும் எட்டாத தூரம். குறுக்குக் கம்பியைக் கழற்றினான். சாம்பல் காதுகளை முன்னால் விறைத்து மூச்சைச் சீறியது. பின்வாங்கியது. மறுபடி வந்து எட்டிப் பார்த்தது.

எட்டு மணிக்கு மேனேஜர் காரை விட்டு இறங்கி, "இதென்ன, லாயமா சலூனா?" என்று கத்தினார்.

"தனியா இருக்கிற கஷ்டத்துலதான் சார் ஆடுது. சனிக்கிழமை வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் கழட்டிடறேன்."

லாடம் அடிப்பவர் ஓடி வந்து பார்த்தார். "பொண்டாட்டி கண்ணாடியப் பறிச்சுக் குதிரைக்குக் குடுத்தவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான் மச்சான். தங்கச்சி, நீ இனிமே எதுல பாத்துத் தலை வாருவ?"

"உங்க மூஞ்சியப் பாத்துதான்ணே. அதுவே போதும், பயத்துல முடி தானா படிஞ்சிடும்" என்றாள் அவள், கம்பளியைப் பிழிந்தபடி.

அன்று மட்டும் நெட்டையன் மற்ற இரண்டையும் ஓட்டிப் போவதைத் தள்ளி வைத்தான். பத்து மணிக்குக் கார் கிளம்பியது. அவன் கதவோரம் நின்றான். தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. சாம்பல் தலையைத் தூக்கியது. ஒரு முறை இடப்பக்கம் சாய்ந்தது. அது கண்ணாடியைப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. பிறகு பெருமூச்சு ஒன்றை விட்டு, ஒரு பின்காலைத் தளர்த்தி ஊன்றி, புல்லை இழுத்து மெல்லத் தொடங்கியது. மெல்லும் சத்தம் அவனுக்குக் கேட்டது. அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமைக்குள் தரைக் குழிகளில் மண் போட்டு இடித்தான். மண் கலையவில்லை. எப்போதாவது வாளிச் சத்தம் கேட்டால் நாலைந்து முறை ஆடும். அதோடு சரி.

சனிக்கிழமை முதலாளியம்மா கொட்டடியின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். குதிரை அவர் தோளை மோந்தது.

"ஆட்டம் எப்படி நின்னுச்சு?" என்று கேட்டார்.

"தனியா இருக்கிற கஷ்டத்துல வர்ற பழக்கம் மேடம். கண்ணாடி வெச்சா சரியாகும்னு எனக்குத் தோணுச்சு" என்றார் மேனேஜர்.

நெட்டையன் வாயைத் திறந்தான். தொட்டிப் பக்கம் பார்த்தான். அவன் மனைவி நிமிரவில்லை. கம்பளியைக் கல்லில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"நல்லா யோசிச்சிருக்கீங்க" என்றார் முதலாளியம்மா. "கண்ணாடியக் கழட்ட வேண்டாம். இது எங்கயும் போகல."

அன்று இருவரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். "அது நீ சொன்னதுன்னு நான் சொல்லியிருக்கணும்" என்றான் அவன்.

"யாரு சொன்னா என்ன? ரூம் இருக்குல்ல" என்றவள், மேலும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள். சுவரில் கண்ணாடி இருந்த இடம் மட்டும் அழுக்குப் படாமல் வெளுத்திருந்தது.

சாம்பல் இரண்டு வருடம் அங்கே இருந்தது. பிறகு நல்ல விலைக்கு, நல்ல இடத்துக்குப் போனது. அங்கேயும் ஆடவில்லை என்று கேள்வி. கண்ணாடியும் கூடவே வண்டியில் போனது. அவள் துவைத்த கம்பளியில்தான் சுற்றி அனுப்பினார்கள். லாடம் அடிப்பவர் முதுகு வலியால் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டில் இருக்கிறார். மேனேஜருக்கு இன்னொரு லாயத்தின் பொறுப்பும் சேர்ந்தது. புதுக் கண்ணாடி வாங்கித் தருவதாகச் சொன்னவர், சொன்னதோடு சரி. சாம்பலின் இடத்துக்கு வேறொரு குதிரை வந்ததால் நெட்டையன் இப்போதும் மூன்று குதிரைகள் பார்க்கிறான், அதே அறையில் இருக்கிறான். அவன் வாங்கி வந்த கையகலக் கண்ணாடியில் நெற்றி தெரிந்தால் முகவாய் தெரியாது. அதனால் அவன் மனைவி காலையில் எட்டு மணி வரை காத்திருக்கிறாள். மேனேஜர் காரை நிறுத்திவிட்டு உள்ளே போனதும், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, இருட்டு ஜன்னலின் முன்னால் குனிந்து வகிடு எடுக்கிறாள்.