அம்மா டேப்

மூன்று வாரமாகச் சுண்டுவின் வீட்டில் எந்தத் திரையைத் திறந்தாலும் கடவுச்சொல் கேட்டது. காலையில் கைப்பேசி கேட்கும். போட்டால் ஏற்றுக்கொள்ளும். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து மடிக்கணினியைத் திறந்தால் அதுவும் கேட்கும். அதற்கும் போடுவாள். பத்து நிமிடத்தில் கைப்பேசி மறுபடி ஆரம்பிக்கும். சில நாள் இன்னும் மோசம். ‘தவறான முயற்சிகள் அதிகமாகிவிட்டதால் உங்கள் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்பட்டுள்ளது’ என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

“நான் ஒரு தடவைகூட தப்பாப் போடலை. சத்தியமா!” என்று கணவனிடம் புலம்பினாள்.

அவன் நில அளவையாளன். இரண்டு முறை அளக்காமல் எதையும் நம்பமாட்டான். தானே உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிப் போட்டுப் பார்த்தான். ஏற்றுக்கொண்டது. அரை மணியில் திரும்பவும் கேட்டது.

“இதுக்கு வைத்தியம் என்கிட்ட இல்லைம்மா” என்று எழுந்து போய்விட்டான்.

சுண்டு என்பது அக்கா வைத்த செல்லப்பெயர். சுண்டுவிரல் அளவுக்குப் பிறந்தவளாம். இப்போது அவள் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட்; தன்னைவிட இரு மடங்கு கனமானவர்களைப் பிடித்து நிறுத்தி நடக்க வைக்கிறவள். நோயாளிகளின் பயிற்சிக் குறிப்புகளும் மகளின் படங்களும் அந்த ஒரே கணக்கில்தான் இருந்தன.

அன்று மதியம், முழங்கால் அறுவை முடிந்த தையல்காரர் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தார். அடுத்த பயிற்சியைப் பார்க்கலாம் என்று சுண்டு கிளினிக்கின் டேப்பைத் திறந்தாள். கடவுச்சொல் கேட்டது.

“காலைக் கீழ வைக்கலாமாம்மா?”

“ஒரு நிமிஷம் இருங்க.”

“நீங்க ஒரு நிமிஷம்னு சொல்லி மூணு நிமிஷம் ஆச்சு.”

அவரை உட்காரவைத்து மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, டேப்பைத் தூக்கிக்கொண்டு நேராகக் கணினிக்காரம்மாவிடம் போனாள். கிளினிக்கின் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்பவர் அவர்தான். மின்கம்பிகளும் பழைய விசைப்பலகைகளும் குவிந்த ஒரு சின்ன அறையில் இருப்பார்.

“எப்போ பாஸ்வேர்ட் மாத்தினீங்க?”

“மூணு வாரம் முன்னாடி. நீங்கதானே எல்லாரையும் மாத்தச் சொன்னீங்க?”

“அப்ப தெளிவாயிடுச்சு. உங்க பழைய பாஸ்வேர்டை வெச்சுக்கிட்டு எங்கேயோ ஒரு மிஷின் கதவைத் தட்டிக்கிட்டே இருக்கு. அது திரும்பத் திரும்பத் தப்பாப் போட, திருடன்தான் வந்துட்டான்னு கணக்கு பயந்துபோய் எல்லாக் கதவையும் சாத்துது. அந்தக் கூட்டத்துல உங்களையும் வெளிய தள்ளுது. எந்த மிஷின்னு பாத்துடுவோம்.”

கணக்கில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தார். கைப்பேசி, மடிக்கணினி, கிளினிக் டேப். நான்காவதாக ஒன்று இருந்தது. ‘அம்மா டேப்.’ அதன் கீழே, கடைசி முயற்சி இன்று காலை 9.40 என்று எழுதியிருந்தது.

சுண்டு அந்தப் பெயரை இரண்டு முறை படித்தாள். அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது.

கணினிக்காரம்மாவுக்கு அது தெரியாது. அவர் பாட்டுக்குத் திரையை நகர்த்திக்கொண்டு போனார். “ரொம்ப ஒழுங்கான ஆளா இருக்காங்களே! காலைல ஆறு பத்து. அப்புறம் ஒன்பது நாப்பது. சாயங்காலம் அஞ்சு இருபது. தினமும் இதே நேரம். ஞாயித்துக்கிழமை மட்டும் எட்டு மணிக்கு. சரி, யாரா இருந்தா நமக்கென்ன? நீக்குன்னு ஒரு தட்டு தட்டினா தொல்லை விட்டுது.”

“தட்டாதீங்க!”

சுண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிடியில் அவருக்கு வலித்தே விட்டது.

அந்த நேரங்கள் அவளுக்குத் தெரிந்தவை. அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஆறரைக்கு வண்டி எடுக்க வேண்டும். பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வர ஒன்பதரை தாண்டும். சாயங்கால வண்டி நடை முடிந்து அவள் செருப்பைக் கழற்றும்போது ஐந்தே கால்.

அந்த டேப்பைச் சுண்டுதான் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தாள். பேத்தியின் படங்கள் தானாகவே வந்து சேரட்டும் என்று தன் கணக்கையே அதில் போட்டுவைத்தாள். கடைசி இரண்டு வருடம் அம்மா படுக்கையில். குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் அக்கா. சுண்டு மாதம் ஒருமுறை போவாள். அம்மா போன ஐந்தாம் நாள், அம்மாவின் அலமாரியை இருவரும் ஒழித்துக்கொண்டிருந்தபோது சுண்டுவின் வாயிலிருந்து அது வந்தது: “கொஞ்சம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்க்கா.”

அக்கா கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தாள். அறையை விட்டு எழுந்து போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

சாயங்காலம் கடைசி நோயாளியும் போன பிறகு, பயிற்சி அறையில் விரித்திருந்த பாயில் உட்கார்ந்து சுண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து இருபத்தைந்துக்கு அழைத்தாள். நாலைந்து முறை மணி அடித்த பிறகு அக்கா எடுத்தாள்.

“சொல்லு.”

மனப்பாடம் செய்து வைத்திருந்த எல்லாம் மறந்துபோயிற்று. “அக்கா... அம்மா டேப் பாஸ்வேர்ட் கேக்குதா?”

“கேக்குது” என்றாள் அக்கா.

“எத்தனை நாளா?”

“மூணு வாரம் இருக்கும். அம்மா பின்பக்கம் பிளாஸ்திரில எழுதி ஒட்டியிருந்தாங்க இல்ல, அதைத்தான் போடறேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் மாத்திப் பாத்துட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “நீ வேணும்னுதான் மாத்திட்டேன்னு நினைச்சேன். நான் படம் பாக்கறது உனக்குப் பிடிக்கலைன்னு.”

“ஐயோ, இல்லக்கா! கிளினிக்ல எல்லாரையும் மாத்தச் சொன்னாங்க. நீ பாக்கறேன்னே எனக்குத் தெரியாது.” சுண்டு கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினாள். “அப்படி நினைச்சும் ஏன் தினம் மூணு வேளை போட்டுப் பாத்தே?”

“ஒருவேளை உனக்கு மனசு மாறியிருக்குமோன்னுதான்.”

சுண்டு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “டேப்பை எடு. நான் சொல்லச் சொல்லப் போடு. முதல்ல பெரிய கே. அப்புறம் சின்ன எம். ஏழு. அப்புறம் ஹாஷ்.”

“ஹாஷா? அது எந்த மூலைல இருக்கு?”

“நெடுக்க ரெண்டு கோடு, குறுக்க ரெண்டு கோடு. வட்டமும் பெருக்கலும் போட்டு விளையாடுவோமே, அந்தக் கட்டம் மாதிரி.”

“ஓ, நீ எப்பவும் கள்ளாட்டம் ஆடுவியே, அதுவா?”

சுண்டு சிரித்துவிட்டாள். பன்னிரண்டு எழுத்தையும் போட்டு முடித்ததும் அக்கா படித்தாள்: “ஆறு எண் அனுப்பியிருக்காம். அஞ்சு நிமிஷத்துக்குள்ள போடணுமாம்.”

எண் சுண்டுவின் கைப்பேசிக்கு வந்திருந்தது. “நாலு, ஒண்ணு, எட்டு...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

“அப்புறம்?”

“அக்கா, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

அக்கா மூச்சு விடுவது கேட்டது. “அதை நானே தினம் எனக்குச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன், சுண்டு. நீயும் சொன்னதும், அப்ப அது நிஜம்தான்னு ஆயிடுச்சு.”

“நிஜம் இல்லக்கா. நான் அம்மாவோட டாக்டரைப் போய்ப் பாத்துக் கேட்டேன். ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதுன்னு சொன்னார். வீட்டுல இவ்ளோ நல்லாப் பாத்துக்கிட்டதாலதான் அவ்ளோ நாள் இருந்தாங்கன்னார்.”

“எப்போ கேட்டே?”

“ஆறு மாசம் ஆச்சு.”

“ஆறு மாசமா?” அக்காவின் குரல் உயர்ந்தது. “இதைச் சொல்ல உனக்கு ஆறு மாசமாடி? ஒவ்வொரு நாளும் நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இதையே நினைச்சு நினைச்சு... சண்டாளி!”

“எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலைக்கா. பயமா இருந்துச்சு.”

அக்கா அழ ஆரம்பித்தாள். பிள்ளைகள் நிறைந்த வண்டியை ஓட்டும் கெட்டிக்காரி, விக்கி விக்கி அழுதாள். சுண்டு பாயில் மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். இடையில் போய்விடாதே என்று அக்கா சொன்னாள். போகலை என்று இவள் சொன்னாள்.

ஒருவழியாக அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, “நேரம் முடிஞ்சுடுச்சுன்னு வருது” என்றாள்.

“மறுபடி அனுப்புன்னு இருக்கும், அதைத் தட்டு.”

இந்த முறை ஆறு எண்ணையும் ஒரே மூச்சில் சொன்னாள். அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் போட்டாள்.

“ஏதோ சுத்துது... இரு... வருது சுண்டு! ஒண்ணு ஒண்ணா வந்துக்கிட்டே இருக்கு.” சட்டென்று நிறுத்தினாள். “ஏய், குட்டியோட முன்பல் எங்கே?”

“விழுந்து பத்து நாள் ஆச்சு.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை பாரு” என்று பொருமினாள். ஆனால் அடுத்த படத்துக்கும் அதற்கு அடுத்ததற்கும் அவள் சிரிப்பது இங்கே கேட்டது.

அந்த நாளுக்குப் பிறகு எந்தக் கருவியும் கடவுச்சொல் கேட்கவில்லை. அக்காவுக்குத் தனிக் கணக்கு தொடங்கிப் படங்களை அதில் பகிர்ந்துகொள்வதுதான் பாதுகாப்பு என்று கணினிக்காரம்மா சொன்னார். சுண்டு அதையும் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். வாசலில் மூவருக்குமே என்ன செய்வதென்று தெரியவில்லை. குழந்தைதான் முதலில் வாயைத் திறந்து ஓட்டைப் பல்லைக் காட்டினாள். அக்கா அவளைத் தூக்கப் போனாள். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. முகம் சுளித்து, இடது கையால் வாரி எடுத்துக்கொண்டாள்.

“எப்பலேர்ந்துக்கா இந்த வலி?”

“அது கிடக்கு, விடு. அம்மாவைப் புரட்டிப் புரட்டி வந்தது.”

சுண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரவைத்தாள். பின்னால் நின்று, பெருவிரலால் தோள்பட்டையைத் தடவி, இறுகிப்போன இடத்தைக் கண்டுபிடித்து மெல்ல அழுத்தினாள்.

“வலிக்குதுடி!”

“வலிக்கத்தான் செய்யும். மூச்சை விடு.”

மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அக்கா கண்ணை மூடினாள். இன்னும் பத்துத் தடவையாவது பார்க்க வேண்டியிருக்கும், வாரம் ஒரு முறை வருகிறேன் என்றாள் சுண்டு. அக்கா சரி என்று தலையாட்டினாள்.